பச்சை டிக் போட்ட காவல்காரன்

அந்தப் பச்சை டிக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில், திரையின் கீழ்மூலையில், ஒரு சின்னக் கேடயத்துக்குள் அது உட்கார்ந்திருக்கும். நாம் என்ன செய்கிறோம் என்று வேவு பார்க்கும் திருட்டு புரோகிராம்கள் உள்ளே வராமல் தடுக்கிற இலவசச் சாமான் அது. ஒரு காலத்தில் எல்லோரும் போட்டிருந்தார்கள், நல்ல பெயரும் இருந்தது. என் கணவர் அதைப் போட்டபோது எங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. நான் சொல்லும் சமயத்தில் அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டிருந்தார்கள். அப்டேட் பட்டனை அழுத்தினால் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு பேசாமல் நின்றுவிடும். டிக் மட்டும் பச்சையாகவே இருந்தது.

அதை எடுத்துவிட்டு வேறு போடுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. ஒருநாள் நானே ஒரு புதிய ஆன்டிவைரஸை இறக்கினேன். பழையதை எடுத்தால்தான் நான் உள்ளே வருவேன் என்றது அது. நியாயம்தானே, ஒரு வாசலில் இரண்டு பேர் நின்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தால் திருடனை யார் பிடிப்பது? என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தவர், பையைக்கூட வைக்காமல் மவுஸைப் பிடுங்கிப் புதியதை ரத்து செய்தார்.

“சேஃப்டிய கழட்டிட்டு வண்டி ஓட்டுறதா? அது பாட்டுக்குக் காவலுக்கு இருந்துகினு இருக்குது. உன்ன என்னா பண்ணுது?”

அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. பெல்ட்டின் ஓரமாக நெடுகிலும் ஒரு கயிறு போகும். ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். அந்த மாதிரி பாதுகாப்புச் சாமானில் கை வைத்தால் மெமோதான். அங்கே அது உயிர் காக்கிற பழக்கம், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, செத்துப்போன புரோகிராமுக்கும் அதே மரியாதை கொடுத்தார். போதாக்குறைக்கு, காவல் இருக்கிற தைரியத்தில் கண்ட கண்ட தளத்தில் போய்ப் பாட்டு இறக்குவார். எந்த பட்டன் பெரிதாக மின்னுகிறதோ அதை அழுத்துவார். அந்த டிக் இல்லாமலிருந்தால் கொஞ்சமாவது பயந்திருப்பார்.

எனக்கு அப்போது டீச்சராக வேண்டுமென்ற ஒரே ஒரு ஆசைதான். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு, குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லோருக்கும் இன்னார் வீட்டுக்காரம்மாவாக மட்டும் இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ கணக்கு டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்தேன். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து காட்டினேன், பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆர்டர் மெயில்ல வரும்மா, பாத்துக்குங்க” என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மெயில் வரவில்லை. வந்ததோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? என் மெயிலே திறக்கவில்லை. எத்தனை முறை அடித்தாலும் பாஸ்வேர்டு தப்பு என்றது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தால் என் பெயரைச் சொன்னதுமே வைத்துவிட்டார்கள். அதனால் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு நேரிலேயே போனேன்.

தலைமையாசிரியை உட்காரச் சொல்லவில்லை. தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயரில், என் முகவரியிலிருந்து போன மெயில். உடம்பு இளைக்க மாத்திரை, அதற்குக் கீழே சொல்லவே கூசுகிற படங்கள்.

“உங்க மெயில்லேர்ந்துதானம்மா வந்திருக்குது? கரஸ்பாண்டன்ட் சாருக்கும் இதே போயிருக்குது. பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம்மா இது.”

யாரோ பாஸ்வேர்டைத் திருடி அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். “இருக்கலாம்மா. ஆனா வேற ஆளப் போட்டாச்சுங்க” என்றார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படங்களைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அவர் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். உடனே பழைய புரோகிராமை ஓடவிட்டுப் பார்த்தார். “ஒண்ணும் இல்லியே. க்ளீன்னு காட்டுது பாரு” என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க, பெல்ட்டுல அந்தக் கயித்த இழுத்துப் பாக்காம எந்த ஷிப்ட்டாவது ஓட்டுவீங்களா? இத எப்பங்க இழுத்துப் பாத்தீங்க? அறுந்துபோன கயித்தக் கட்டி வச்சிக்கினு, அத நம்பி என்னயும் பெல்ட்டாண்ட நிக்க வச்சிட்டீங்க.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் உட்கார்ந்து அந்தச் சனியனை நீக்கினேன். போகிற போக்கிலும் அது, உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பை இழந்துவிடும், நிச்சயமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். புதியதைப் போட்டு ஓடவிட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. அதில் ஒன்று, நாம் அடிக்கிற எழுத்தையெல்லாம் குறித்து வெளியே அனுப்புகிற வகை. அது எத்தனை மாதமாக அந்தக் கேடயத்தின் காலடியிலேயே குடியிருந்ததோ.

பழசு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது. அது சோறு கேட்காது. நம் சாப்பாட்டையே திருடன் கையில் தூக்கிக் கொடுத்துவிடும்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“நல்ல வேள, பேங்க் கணக்கெல்லாம் இதுல வச்சிக்கல. ஒண்ணும் போவல.”

நான் பண்ருட்டிக்குக் கட்டிக்கொண்டு போன புடவையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை. ஒன்றும் போகவில்லையாம்.