நாலு பெட்டி குறைவு

என் மனைவி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பரணைத்தான் பார்ப்பாள். அப்புறம் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால். கூடத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம், ஒளித்து வைத்துவிட்டு மறந்துபோன இடங்களில்தான் கணக்கு உதைக்கும் என்பது அவள் கட்சி. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு மதிப்புப் போடுகிற வேலை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அறுபத்திரண்டு பெட்டி, பெரிய வண்டி" என்பாள். ஆட்கள் போய்க் கட்டினால் அறுபதோ அறுபத்து நாலோ வரும்.

அதோடு விடமாட்டாள். சொன்னது எத்தனை, வந்தது எத்தனை, எத்தனை சதவீதம் தப்பு என்று அங்கேயே ஒரு அட்டைத் துண்டைக் கிழித்து எழுதிப் பார்ப்பாள். கம்பெனியில் அவளுக்கு 'பர்சென்ட் அக்கா' என்றே பெயர்.

ஆரம்பத்தில் கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றுகிற வேலைதான் பார்த்தாள். மதிப்புப் போடுகிறவர் லீவு போட்ட ஒரு நாள், "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்பினார்கள். நாற்பது பெட்டி என்றாள், ஐம்பது வந்தது. கொண்டுபோன பெட்டிகள் தீர்ந்துபோய், அந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி வெளியே வந்தது. தெருவே வேடிக்கை பார்த்ததாம். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்தாள். நானும் மூக்கை நுழைத்தேன்.

"பத்து பெட்டி தப்பு. நாப்பதால வகுத்தா இருபத்தஞ்சு பர்சென்ட் வருதே!"

"அம்பதாலதாங்க வகுக்கணும். இருபது. கீழ நிக்க வேண்டியது நடந்தது. நாம நெனச்சது இல்ல."

அன்றைக்குப் பிடித்த பழக்கம். வருஷங்கள் ஓட ஓட இருபது பத்தாகி, பத்து நாலாகி, இப்போது மூன்று நாலுக்குள் நிற்கிறது. ரெண்டு பெட்டி தப்பினால் எல்லா இடத்திலும் ஒரே தப்பு இல்லை என்பாள். நூறு பெட்டி வீட்டில் அது ரெண்டு சதவீதம், சும்மா விட்டுவிடலாம். அஞ்சு பெட்டி வைத்திருக்கிற தனிக்கட்டையின் அறையில் அதுவே நாற்பது, தலை குனிய வேண்டும். எனக்கு அவளைப் பற்றிப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

வம்பு எங்கே வந்தது என்றால், அவள் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். "பத்து நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் ஆனால், செருப்பைக் கழற்றுவதற்குள் "அறுபது பர்சென்ட்" என்று குரல் வரும். ஒரு நாள் எரிச்சலில், "எப்ப வருவேன்னு கேக்காத, பூஜ்யம்னு வெச்சுக்க" என்றேன்.

"வெச்சுக்கலாம். ஆனா பூஜ்யம்னு சொன்னா, அப்புறம் வர்றது எதுவா இருந்தாலும் தப்பு முழுசா நூறு. அதுல தப்பிக்கவே முடியாது."

எனக்குப் பழகிவிட்டது. மகனுக்குக் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பழகுமா? பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், சுறுசுறுப்பு, கொஞ்சம் ரோஷக்காரி. முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். ஒரு சாயங்காலம் கூட வேலை பார்க்கிறவர்களை அழைத்து வந்து, "அஞ்சே நிமிஷம், டீ போட்டுடுறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். தட்டோடு அவள் திரும்பி வந்தபோது என் மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "பத்து ஆச்சு. அம்பது பர்சென்ட்" என்றாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது.

அந்த வாரமே மகன் என் கடைக்கு வந்து, வாங்கப்போகிறவன் மாதிரி ஒரு பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா, தனியா போலாம்னு இருக்கோம். அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்களேன்." அவனுக்கு இல்லாத தைரியம் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஆனாலும் சொன்னேன்.

அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "வண்டிக்குச் சொல்லியாச்சா?"

"உங்க கம்பெனியிலதான் சொல்லணும்னான்."

"வேற யாராவது வந்தா தப்பாச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. நானே பாக்குறேன்."

மகனின் அறைக்குள் போனாள். பரணைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இருபத்து நாலு" என்றாள், ஊரார் வீட்டில் சொல்கிற அதே குரலில். மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுப்படிக்கு வந்த பிறகுதான் குரல் உடைந்தது. "வந்த நாள்லேர்ந்து அவள அளந்துகிட்டே இருந்துட்டேங்க. போனா திரும்பி இந்த வாசப்படி மிதிப்பாளா?"

"ஏன் மிதிக்க மாட்டா? வருஷத்துக்கு எத்தன தடவ வருவான்னு உன் கணக்குல சொல்லேன்" என்று தேற்றப் பார்த்தேன்.

"பூஜ்யம்."

பூஜ்யம் என்று எதற்கும் சொல்லாதவள். 

வண்டி வந்தது. கட்டி முடித்த பெட்டிகளை மகன் எண்ணினான். "இருபதும்மா."

"சரியா எண்ணு."

தானே இறங்கிப் போய் எண்ணினாள். இருபதுதான். வண்டி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பர்சென்ட் அக்காவுக்கே நாலு பெட்டி இடிக்குதா!" என்றான் ஒருவன். அவள் விறுவிறுவென்று அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். நான் பின்னாலேயே போனேன். மருமகளின் வீட்டு உடைகள், தலையணை, போர்வை, படிக்கிற புத்தகங்கள், மகனின் பழைய சட்டைகள், ரெண்டு பேரின் செருப்புகூட. எல்லாம் அடுக்கியபடி அப்படியே இருந்தன.

"ஏம்மா! இதையெல்லாம் விட்டுட்டுப் போறியே!"

மருமகள் வாசலிலிருந்து வந்தாள். "விடல அத்தை, வெச்சுட்டுப் போறேன். சனிக்கிழம வந்தா ஞாயிறு தங்கிட்டுத்தானே போவோம்? வாரா வாரம் பெட்டியத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

என் மனைவி அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கோவம் இருந்துச்சு அத்தை, இல்லன்னு சொல்லல. ஒரே வீட்டுல இருந்தா நீங்க எண்ணிக்கிட்டே இருப்பீங்க, நான் மொறச்சுக்கிட்டே இருப்பேன். வந்து போயிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது." பிறகு லேசாகச் சிரித்தாள். "நாலு பெட்டி கொறஞ்சிருக்கு. இருபத்து நால்ல நாலு. பதினேழு பர்சென்ட் கிட்ட வருமா?"

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடுவாளா? "இருபதால வகுக்கணும்மா. இருபது பர்சென்ட். கீழ நிக்க வேண்டியது..."

"நடந்தது. நாம நெனச்சது இல்ல" என்று முடித்தாள் மருமகள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் நான் மெதுவாகக் கேட்டேன். "பூஜ்யம்னு சொன்னியே, அந்தக் கணக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் எதுவும் நடக்கலையே. நடந்தாத்தானே கீழ போட முடியும்" என்று உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு சதவீதமும் விழவில்லை. கடையிலிருந்து எத்தனை மணிக்கு வந்தேன் என்பதையே அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். மகனும் மருமகளும் வெறுங்கையோடு நின்றார்கள். வா என்றுகூடச் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "நூறு பர்சென்ட்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

மருமகள் திகைத்துப் போனாள். "என்ன அத்தை நூறு?"

"ஒண்ணுமில்லம்மா, நீ உள்ள வா. மாமா ஒரு கணக்கு கேட்டுக்கிட்டு இருந்தாரு."