மூட்டை நிறைய இறக்கைகள்

சென்னையில் எனக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் பழைய மாணவிகளை லேசில் விடுகிறவர் அல்ல. நான் தர்மபுரியில் பெண்கள் பள்ளி ஒன்றில் டீச்சராகிக் கல்யாணமும் ஆன பிறகு ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். "உங்க பக்கத்து ஏரிக்குக் குளிர்காலத்துல சிறகி வருமே, எண்ணிச் சொல்லேன்" என்றார். சிறகி என்பது வெகுதூரம் வடக்கேயிருந்து ஐப்பசி வாக்கில் வந்து, வெயில் ஏறுமுன் திரும்பிப் போகிற சின்னக் காட்டு வாத்து. எத்தனை வருகின்றன, எத்தனை வேட்டையில் போகின்றன என்று இரண்டும் தெரிந்தால்தான் அந்த இனம் பெருகுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும் என்றார்.

அறுபதுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நல்லம்பள்ளிப் பக்கத்து ஏரிக்கு என் கணவர் என்னைச் சைக்கிளில் கூட்டிப் போவார். அவர் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. நான் பைனாகுலரோடு கரையில் நடக்க, அவர் வேப்பமரத்தடியில் பேப்பர் படிப்பார். ஏரியின் உள்பக்கம் ஈரம் காய்ந்த இடத்தில் சிலர் கேழ்வரகு போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் களைவெட்டை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் ஓர் அம்மாள் கேட்டேவிட்டாள்.

"ஏரிய அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. வாத்து எண்ணறேன்."

"பறந்து போற வாத்த எண்ணி என்னங்க பண்றது?"

என் பதிலை அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் புதிதாக முள்வேலி முளைத்திருந்தது.

சுடப்பட்டதை எண்ணுவதுதான் பெரும்பாடு. டவுனில் தகரக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடையை மூடிவிட்டு ஏரிக்குப் போவார். எத்தனை கிடைத்தது என்று கேட்டால் வாளிக்குப் பற்றவைப்பதை நிறுத்தாமல், "என்னத்த டீச்சர், ரெண்டோ மூணோ" என்பார். ஒரு நாளைக்கு இத்தனைதான் சுடலாம் என்று லைசென்சில் வரம்பு இருந்தது. நான் லைசென்சைப் பிடுங்க வந்தவள் என்று அவருக்குச் சந்தேகம்.

அவர் மனைவியிடம் கேட்டேன். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இறகு பிடுங்கிச் சுத்தம் செய்கிறவர் அவர்தான். "ஒவ்வொரு பறவைக்கும் ஒரு இறக்கை மட்டும் எடுத்து வெப்பீங்களா அக்கா?" என்றேன். சிறகியின் இறக்கையில் நிறைய விஷயம் இருக்கிறது. மார்கழியில் ஆணும் பெண்ணும் உடம்பைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆணின் இறக்கை மேல்பக்கம் வெளிறிய நீலச்சாம்பல், பெண்ணுடையது மங்கிய பழுப்பு. அந்த வருஷத்துக் குஞ்சா, வளர்ந்ததா என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். அக்கா இறக்கைகளுக்கு உப்புத் தடவிக் காயவைத்து ஒரு கோணிப்பையில் போட்டுவைப்பார். பாய் சொன்ன கணக்கைவிட இறக்கைகள் எப்போதும் கூடவே இருந்தன. நான் இரண்டு பேரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். அந்த வாரத்தில் அக்காவைச் சந்தையில் பார்த்தேன். "ஒரு வாத்து கால்ல வளையம் இருந்துச்சு டீச்சர். இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கேயோ ஒருவர் பிடித்து வளையம் மாட்டிவிட்ட பறவை எங்கள் ஏரிவரைக்கும் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கணவரிடமும் சொன்னேன்.

ஞாயிறு வருமுன்பே, ஒருநாள் மத்தியானம் பள்ளி கேட்டுக்கு அக்கா ஓடிவந்தார். காலில் செருப்புகூட இல்லை.

"போலீசு வந்து வூட்டையே கவுத்துப் போட்டுட்டாங்க. துப்பாக்கி, வளையம், இறக்கை மூட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அவரையும் கூட்டிப் போயிட்டாங்க. பாகிஸ்தான்லேருந்து சேதி கொண்டாந்த பறவைன்னு சொல்றாங்க. நீங்க சொல்லித்தானே டீச்சர் எடுத்து வெச்சேன்?"

தலைமையாசிரியை தலையிடாதே என்றார். நான் கணவரை ஆபீசிலிருந்து வரவழைத்து ஸ்டேஷனுக்குப் போனேன். பாய் பெஞ்சின் ஓரத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டருக்கு என் மேலும் நல்ல எண்ணம் இல்லை.

"ஏரிக்கரையில பைனாகுலரோட சுத்தறது நீங்கதானா? அங்கேருந்து ரயில் தெரியுமா?"

"தெரியும் சார். நான் பாக்கறது தண்ணிய."

"இந்த மூட்டை எதுக்கு? மந்திரம் மாயமா?"

விளக்கித்தான் ஆகவேண்டும். மூட்டையைக் கொட்டினால் வரம்பு மீறிச் சுட்டது வெட்டவெளிச்சமாகிவிடும். அதனால் கையை விட்டு ஒரு பிடி மட்டும் எடுத்து மேஜையில் பரப்பினேன். இது ஆண், இது பெண், இது போன கோடையில் பொரித்த குஞ்சு என்று காட்டினேன். அவர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வளையத்தை நீட்டினார். எண்ணுக்குப் பக்கத்தில் தேய்ந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். "மாஸ்க்வா. மாஸ்கோ சார், ரஷ்யா. எந்தப் பறவை எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்க மாட்டிவிடுவாங்க."

"அவ்வளவு தூரத்துலேருந்து ஒரு வாத்து தர்மபுரிக்கு வருமா? யாரோ சொல்லிக் குடுத்த மாதிரிப் பேசறீங்களே."

இப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "ரஷ்யா நம்ம பக்கம்தானே சார்."

சப்-இன்ஸ்பெக்டர் வளையத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார். கடைசியில் எங்கள் மூவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு பாயை அனுப்பினார். துப்பாக்கியும் வளையமும் அங்கேயே தங்கிவிட்டன.

வெளியே வந்ததும் பாய் நின்றார். "மூட்டையில மொத்தம் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது பொய்யின்னும் தெரியும்."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சுமா வாராவாரம் கேட்டீங்க?"

அவர் நடந்து போய்விட்டார். அக்காவும் நானும் சேர்ந்து தன்மேல் கணக்கு வைத்திருந்தோம் என்று அவர் நினைத்ததுபோல் இருந்தது.

யார் சொல்லியிருப்பார்கள்? கேழ்வரகுக்காரர்களை நினைத்தேன். பாயின் எதிர்க்கடைக்காரரை நினைத்தேன். சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, வளையத்தைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான் என்பது உறைத்தது.

"நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல டீ குடிக்கறப்ப சொன்னேன். தமாஷாத்தான். எல்லாரும் சிரிச்சாங்க."

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்குப் போகாமல் நேரே தகரக்கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கடைவாசலில் நின்றபடி, தான்தான் சொன்னது என்று பாயிடம் சொல்லிவிட்டார். பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். அடிப்பாரோ என்றுகூடப் பயந்தேன்.

"நீங்கதான்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சுங்க" என்றார். "ராத்திரி முழுக்க இந்தத் தெருவுல ஒவ்வொரு வூடா நெனச்சுப் பாத்தேன். இவனா இருக்குமா, அவனா இருக்குமான்னு. யாருன்னு தெரியாமலே போயிருந்தா நான் எப்படிங்க இங்க கடை வெக்கறது?"

உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அதற்குச் சில வருஷங்களுக்குள் வேட்டையைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டம் வந்தது. பாயின் துப்பாக்கி திரும்பி வரவேயில்லை. வெடிச்சத்தம் நின்றால் சிறகிகள் பெருகும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஒரு தை மாதம் மண்ணெண்ணெய்ப் புனலின் ஓட்டையை அடைக்கப் போனபோது பாயே கேட்டார்.

"இப்ப எத்தனை வருது டீச்சர்?"

"முன்னவிடக் கம்மி பாய்."

"இப்ப யாரு சுடறாங்கன்னு எழுதறீங்க?"

ஏரியில் தண்ணீர் நிற்பதில்லை, பாதிக்குமேல் உழுதுவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் புனலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஓட்டை அடைந்துவிட்டதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.