தட்டின் ஓரத்தில் ஐந்து கிராம்

பின்னறை மேசையின் மேல் அந்த டிஜிட்டல் தராசு இன்னும் இருக்கிறது. தட்டின் ஓரத்தில் ஒரு பித்தளை எடைக்கல், ஐந்து கிராம். வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதை ஏன் எப்பவும் மேலயே வெச்சிருக்கீங்க?"

"அது அங்கயே இருக்கட்டும்" என்பாள் எடைக்காரம்மா. கேட்டவர் சும்மா கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று பார்த்துத்தான் மேற்கொண்டு வாயைத் திறப்பாள்.

சாயப்பட்டறையின் மாதிரி அறையில் வேலை பார்த்தவள் அவள். வாடிக்கையாளர் ஒரு நூல் துண்டைக் கொண்டுவந்து, "இதே நிறம் வேணும்" என்பார். முதலில் சின்னப் பாத்திரத்தில் ஒரே ஒரு கண்டு நூலுக்குச் சாயம் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கான பொடியை நிறுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. கறுப்பு, அரக்கு போன்ற அடர் நிறங்களுக்குக் கரண்டியில் அள்ளிப் போடலாம். வெளிர் நிறங்களில்தான் கை பேச வேண்டும். கால் கிராம், அரை கிராம். காகிதத்தை வாய்க்கால் போல மடித்து, பொடியை அதில் எடுத்து, ஆள்காட்டி விரல் நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டுக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிட்டிகையின் சிட்டிகை விழும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரட்டைத் தட்டுத் தராசின் முள் நடுக்கோட்டுக்கு வரும்வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவாள். பதினேழு வருடம் அப்படி.

அந்தத் தராசை மூட்டை கட்டிவிட்டு டிஜிட்டல் தராசு வாங்கினார்கள். பேட்டரியில் ஓடும், ஈரம் சொட்டும் அறையில் வயர் இழுக்க வேண்டியதில்லை. மூன்றாவது வாரமே வினை வந்தது. வெண்ணெய் நிறம் கேட்டவருக்கு அனுப்பிய மாதிரிக் கண்டு திரும்பி வந்தது. அடுத்து ஒரு வெளிர் நீலம்.

சாய மாஸ்டர் கண்டைத் தூக்கிப் பிடித்தார். "எடைக்காரம்மா, இது வெண்ணெயா? வெண்ணெய் வெச்ச பானை மாதிரி இருக்கு."

பக்கத்து மேசையில் ஒருத்தி இருந்தாள். எதையும் நின்று செய்யாதவள் என்பதால் அவளுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர், சுருக்கமாகக் குடுக்கை. மாஸ்டர் அதே நிறத்தை அவளிடம் கொடுத்தார். அதே தராசில் கரண்டியால் அள்ளி ஒரே கொட்டாகக் கொட்டினாள், கூடினதைக் கிள்ளி எடுத்தாள். நிறம் சரியாக வந்தது.

"எனக்கே நம்ப முடியலக்கா" என்றாள் குடுக்கை. அவள் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "பதினேழு வருஷக் கண்ணு. அதுக்கும் ஓய்வு வேணுமில்ல? திங்கட்கிழமையிலேருந்து நூல் மடிக்கிற பக்கம் இருங்க."

"திங்கட்கிழமை ஒரு தடவை நிறுத்துக் காட்டறேன். அதுவரைக்கும் தராசு என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அவர் தலையசைத்தார்.

அவள் கணவர் ரேடியோ பழுது பார்ப்பவர். ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, தராசை வைத்து அதன் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே இருந்தது கொஞ்சம்தான். ஓர் அலுமினியக் கட்டை, அதிலிருந்து நான்கு மெல்லிய வயர்கள், விரல் அகலப் பச்சைப் பலகை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"உன் பழைய தராசுல மட்டும் என்ன இருந்துச்சு? இந்தக் கட்டையை ஒரு பக்கம் அசையாம பிடிச்சு வெச்சிருக்கான், மறுபக்கம் தட்டு உக்காருது. எடை வெச்சா வளையும், கண்ணுக்குத் தெரியாது. மேலயும் கீழயும் கம்பி இழை மாதிரி நாலு பட்டை ஒட்டியிருக்கான் பாரு. வளையறப்போ ரெண்டு நீளும், ரெண்டு சுருங்கும். நீண்டதுல கரண்ட் போறது கஷ்டம், சுருங்கினதுல சுலபம்."

"அதை எப்படி எண்ணாக்குது?"

"நாலையும் சதுரமா கோத்திருக்கான். எதிரெதிர் ரெண்டு மூலையில பேட்டரி. மத்த ரெண்டு மூலைக்கு நடுவுல, எடை இல்லாதப்போ வித்தியாசமே இருக்காது. உன் முள்ளு நடுவுல நிக்கிற மாதிரி. எடை வெச்சா ஒரு வோல்ட்டுல ஆயிரத்துல ஒரு பங்கு, அதுகூட இல்ல, வித்தியாசம் வரும். இந்தப் பச்சைப் பலகையில இருக்கிற சில்லு, சிப்புன்னு சொல்வாங்களே, அது அதை எண்ணாக்குது. அளக்கிற அளவுகோலும் அதே பேட்டரிதான். அதனால பேட்டரி இறங்கினாலும் ரெண்டும் சேர்ந்தே இறங்கும், கணக்கு மாறாது."

அவள் கூடவே கொண்டுவந்திருந்த பழைய தராசுப் பெட்டியின் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஐந்துக்கு ஐந்து. அரைக்கு அரை. பிசகில்லை. தட்டை மறுபடி பூட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தராசு மேல குத்தமில்லம்மா."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அழத்தான் போனாள் என்று அவர் நினைத்தார். அவள் தூள் உப்பும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் போடறதைப் பாருங்க. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க."

கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியம் அழுத்தினாள். காகிதத்தை மடித்தாள். தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தராசுக்கு மரியாதை கொடுப்பது போல நிறுத்தினாள். அறுபது தட்டு இருக்கும். திரையில் 0.00.

"எவ்வளவு போட்டே?"

"இன்னும் ஒண்ணும் காட்டலியே. இது எப்பவும் முழிச்சுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும்."

கணவர் கிண்ணத்து உப்பைக் காகிதத்தில் தட்டி எடுத்தார். வெறும் கிண்ணத்தை வைத்து மறுபடி பூஜ்ஜியம் ஆக்கி, அந்த உப்பை ஒரே வீச்சில் போட்டார். 0.17.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு" என்றார் மெதுவாக. "சூடு ஏறினா அந்தக் கட்டை தானா அசையும். தட்டுல ஒண்ணும் இல்லாமயே எண்ணு நகரும். வாங்கினவன் திட்டுவானே. அதனால, ஜீரோவுக்குப் பக்கத்துல எது மெல்ல நகர்ந்தாலும் அது சூடுதான், அதையே ஜீரோவா வெச்சுக்கோன்னு சில்லுக்குச் சொல்லி வெச்சிருக்கான். நீ சூடு ஏறற வேகத்துல பொடி போடறே. அதனால கணக்குல வராமலே பொடி கூடிப்போகுது."

"அப்போ குடுக்கை கொட்டினா மட்டும்?"

"அவ கொட்டற வேகத்துல எந்தச் சூடும் ஏறாது."

அவள் சிரிக்கவில்லை. "ஜீரோவுக்குப் பக்கத்துல இருந்தாத்தானே முழுங்கும்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கிண்ணத்தைக் காலி செய்து பூஜ்ஜியம் அழுத்திவிட்டு, ஐந்து கிராம் கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். 5.00. காகிதத்தைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து 5.01. பிறகு 5.02.

திங்கட்கிழமை வெண்ணெய் நிறத்துக்கு நிறுத்தபோது குடுக்கை எட்டிப் பார்த்தாள். "அக்கா, கல்லை மறந்து மேலயே விட்டுட்டீங்க."

"மறக்கல."

நூல் காய மதியமாகிவிட்டது. முதலாளி கண்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வாடிக்கையாளர் கொடுத்த துண்டைப் பக்கத்தில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முதுகைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. கடைசியில் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்.

"இதுல எது நம்மது?"

அவள் இடது கையைக் காட்டினாள். நூல் மடிக்கிற பேச்சு அதன்பின் எழவில்லை. அவள் வேலையிலிருந்து நின்ற அன்று, தராசையும் கல்லையும் சேர்த்தே கொடுத்தனுப்பினார்கள்.

இப்போது வீட்டிலேயே, பின்னல் வேலைக்கான நூலுக்குச் சாயம் போடுகிறாள். கணவருக்குக் கை நடுங்குகிறது. இருந்தாலும் பொடி போட வந்து உட்கார்ந்துவிடுவார். காகிதத்தைச் சாய்த்ததும் பாதி ஒரேயடியாக விழும்.

"உங்க கைக்கு அந்தக் கல்லே வேண்டாம்" என்பாள், கூடினதைக் கிள்ளி எடுத்தபடி. ஆனாலும் அவர் வந்து உட்காரும் முன்பே அதை ஓரத்தில் வைத்திருப்பாள்.