கையேட்டில் வெட்டிய வரி

என் வீட்டுக்காரர் கையேடு எழுதுகிறவர். மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மடக்கு மேசை என்று எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்குமே, எல்லோரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரிக்குள் தூக்கிப் போடுவார்களே, அதை எழுதுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கையேடு'தான். "கையேடு வந்தாச்சா?", "கையேடு சாப்பிடப் போயிருக்கு" என்றுதான் பேசிக்கொள்வார்களாம். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளூரப் பெருமை.

இத்தனை வருடத்தில் தான் எழுதிய எதையும் அவர் தன் கையால் பொருத்திப் பார்த்ததில்லை. வீட்டில் பல்பு மாற்றுவது நான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவதும் நான். கேட்டால், "எப்படிச் செய்யணும்னு தெளிவாத் தெரிஞ்சவன் எதுக்குச் செஞ்சு பாக்கணும்?" என்பார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவேன்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. படிக்கிறவனை முட்டாளாக நினைக்கக் கூடாது. ஒருமுறை வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் ஒன்றுக்குக் கையேடு எழுதினார். பக்கத்தில் ஒரு வரி கூடிப்போய்விட்டது. பக்கம் அமைக்கிற பெண் எதையாவது குறைக்கச் சொன்னாள். 'வடிகட்டி உருளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை அகற்றவும்' என்ற வரியை இவர் வெட்டிவிட்டார். அந்தப் பெண், "சார், அது வேணுமே" என்று இழுத்திருக்கிறாள். "உறையோட எவனாவது உள்ள வைப்பானாம்மா? அப்படிப்பட்டவன் தண்ணியே குடிக்க வேண்டாம்" என்றாராம் இவர். அன்று சாயங்காலம் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பிளம்பர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு மாடி வீட்டுக் குளியலறையில் சுவருக்குள் கசிவைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகிவிட்டது என்று சொன்னான். இவர் சும்மா இருந்திருக்கலாம். "நாலு பைப்பு, ரெண்டு திருகு. இதுக்கு ஒரு நாளா? ஒழுங்கா ஒரு கையேடு இருந்தா ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு பண்ணிடும்" என்றார். தம்பி தட்டில் இருந்ததை முடித்தான், கை கழுவினான், கிளம்பினான். அப்போது போனவன்தான். இரண்டு வருடம் உள்ளே வரவில்லை. எனக்கு ஏதாவது கொடுக்க வந்தால் வாசலோடு சரி. வண்டியை விட்டுக்கூட இறங்க மாட்டான். இவரோ, "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கென்று இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது என் கண் மூன்றாவது நாற்காலிக்கே போகும். அவன் இந்த வீட்டுக்குள் மறுபடி வர வேண்டும். அதைத் தவிர நான் அப்போது வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

எங்கள் குழாயில் வரும் தண்ணீர் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படிகிற ரகம். இந்த வருடம் அந்த ஃபில்டர் கம்பெனிக்காரர்கள் இவருக்கு ஒரு ஃபில்டரை அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிங்க்குக்கு அடியில் பைப்பை வெட்டி, இணைத்து, மாட்ட வேண்டிய சாமான். கட்டாயம் ஒரு பிளம்பர் வேண்டும்.

"தம்பிய வரச் சொல்லட்டுமாங்க?" என்றேன், காய் நறுக்கிக்கொண்டே, பட்டும் படாமலும்.

"எதுக்கு?" என்றார். பெட்டிக்குள் கைவிட்டுத் தன் புத்தகத்தை எடுத்து நெஞ்சுக்கு நேராகக் காட்டினார். "இதோ இருக்கே. நாற்பது நிமிஷம்னு நானே போட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். சிங்க்குக்கு அடியிலிருந்து சோப்புத் தூள், பழைய பஞ்சு, மூடியில்லாத டப்பாக்கள் எல்லாவற்றையும் நான் வெளியே எடுத்து வைத்தேன். அவர் தரையில் பழைய போர்வையை விரித்து, முதுகைச் சாய்த்துப் படுத்து, தலையை மட்டும் உள்ளே நுழைத்தார். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு.

ஒவ்வொரு படியையும் முதலில் உரக்கப் படிப்பார். பிறகு ஒரு நிமிடம் ரசிப்பார். "'நிதானமாக, ஆனால் உறுதியாகத் திருகவும்.' எப்படி இருக்கு?" நன்றாகத்தான் இருந்தது. சிங்க்குக்கு அடியில் இருந்த வால்வுக்கு மட்டும் அது புரியவில்லை. பத்து வருடமாக யாரும் தொடாத வால்வு. அதைத் திருகி மூடவே முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு இடத்தில் காற்புள்ளி தப்பாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, பென்சில் கேட்டு வாங்கித் திருத்தினார்.

மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று கையேட்டில் இல்லை. அவர் சுற்றியது திருகத் திருகப் பிரிந்து நூலாக வெளியே வந்தது. 'குழாயை நேராக வெட்டவும்' என்று இருந்தது. எதைக் கொண்டு வெட்டுவது என்று இல்லை. என் காய்கறிக் கத்தியைக் கொண்டு வெட்டினார். முதல் வெட்டு சாய்ந்துபோனது, அதைச் சரிசெய்த வெட்டும் சாய்ந்துபோனது. மூன்றாவதில் குழாயின் நீளம் குறைந்துவிட்டதால் ஃபில்டரையே ஒரு சாண் நகர்த்தி மாட்டினார். சட்டை முழுக்க ஈரம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சளைக்கவில்லை. இணைப்புகளை நான்கு தரம் கழற்றி மாட்டி, கடைசியில் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் செய்துவிட்டார். இந்த ஆள் செய்து முடித்துவிட்டால்? அப்புறம் என் தம்பி எந்தக் காலத்தில் வருவான்?

பன்னிரண்டாவது படிக்கு வந்தார். 'மூன்று உருளைகளையும் அவற்றுக்குரிய குவளைகளில் வைத்து மூடவும்.' முதல் உருளையை எடுத்தார். உடம்போடு ஒட்டின சட்டை மாதிரி அதைச் சுற்றி இறுக்கமாக, கண்ணாடியாக, ஒரு பிளாஸ்டிக் உறை. டார்ச் வெளிச்சத்தில் அது பளபளவென்று மின்னியது.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். டார்ச்சை நேராக அதன் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் படிக்கிறவனை முட்டாளாக நினைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர். கட்டின மனைவி நினைக்கலாமா? கமுக்கமாக இருந்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் உறையோடு உள்ளே வைத்து, நிதானமாக, ஆனால் உறுதியாக மூடினார்.

வால்வைத் திறந்தார். சிங்க் மேல் ஃபில்டருக்கென்று மாட்டியிருந்த புதுக் குழாயைத் திருப்பினார். அரை டம்ளர் காற்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. மணி இரண்டு.

அவர் கோபப்படவில்லை. எழுந்து, துண்டில் கையைத் துடைத்து, கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'பிரச்சினைகளும் தீர்வுகளும்' என்று அவரே போட்ட கட்டங்கள். தண்ணீர் வரவில்லையா? வால்வு திறந்திருக்கிறதா எனப் பார்க்கவும். பார்த்தார். குழாய் மடங்கியிருக்கிறதா எனப் பார்க்கவும். பார்த்தார். அதற்கு அடுத்த வரியில் வெகுநேரம் நின்றார். எட்டிப் பார்த்தேன். 'அப்படியும் வராவிட்டால், அனுபவமுள்ள பிளம்பரை அழைக்கவும்.'

மூக்குடைபட்டதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கையேட்டை மீறுகிற ஆளும் இல்லை. ஒரு படியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர்களைப் பற்றி இருபத்திரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவர்.

"உன் தம்பிக்கு ஒரு போன் போடு" என்றார், என்னைப் பார்க்காமல். "நான் கூப்பிடல. இதுல போட்டிருக்கு."

கால்மணி நேரத்தில் வந்துவிட்டான். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, படியில் ஒரு கணம் நின்றான். பிறகு உள்ளே வந்தான். எனக்குக் கண் கரித்தது. டார்ச்சைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வாங்க மச்சான்" என்றார் இவர்.

"என்ன மாமா, தண்ணி வரலையாமே?" என்றான், நேற்றுதான் வந்து போனவன் மாதிரி.

அதே போர்வையில் படுத்தான். நான் டார்ச்சைப் பிடித்தேன். இணைப்புகளைத் தடவிப் பார்த்தான். "மாமா, ஜாயிண்ட் எல்லாம் சுத்தமா இருக்கே" என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு. பிறகு முதல் குவளையைத் திருகித் திறந்தான். அப்படியே அசையாமல் கிடந்தான். இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். இரண்டு வருடத்துக் கோபத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஒரே ஒரு சிரிப்புப் போதும்.

"மாமா, வண்டில பெரிய ஸ்பேனர் இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

இவர் போனார். தம்பி மூன்று குவளைகளையும் மளமளவென்று திறந்து, உறைகளை உரித்து, கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மறுபடி மூடினான். பெரிய ஸ்பேனருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"மாமா மாட்டும்போது டார்ச் பிடிச்சது யாரு, அக்கா?"

"நான்தான்."

படுத்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தான். "நல்லாப் பிடிச்ச போ" என்றான்.

இவர் ஸ்பேனரோடு வந்தபோது புதுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "லைன்ல காத்து அடைச்சிருந்துச்சு மாமா. நீங்க பண்ணது எல்லாம் சரிதான்" என்றான் தம்பி. இவர் தலையாட்டிக்கொண்டார். 'காற்று' என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இவரே சொன்னார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி குனிந்து சாப்பிடும்போதெல்லாம் அவன் சட்டைப் பை சலசலத்தது. அது கேட்காமலிருக்க நான் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே பரிமாறினேன். இவர் காதில் விழாதவர் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "மச்சான், அந்த வெள்ளை டேப்பை எந்தப் பக்கமாச் சுத்தணும்?" என்று கேட்டார். தம்பி தண்ணீர் டம்ளரின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு தம்பி எந்த ஞாயிற்றுக்கிழமையும் தப்பியதில்லை.

நான்கு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுக் கொண்டுவந்தார். அந்த ஃபில்டருக்கான கையேடு, திருத்திய பதிப்பு. ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். பிரித்தேன். நாற்பது நிமிடம் என்ற வார்த்தையே காணோம். காற்றைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. 'பிளாஸ்டிக் உறையை அகற்றவும்' என்ற வரி தடித்த எழுத்தில் திரும்பி வந்திருந்தது. அதற்கு இடம் கொடுக்க வேறெதையோ வெட்டியிருந்தார்.

அப்படியென்றால் இவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அப்புறம்தான் முதல் பக்கத்தில், தேவையான பொருள்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். ஸ்பேனர், குழாய் வெட்டும் கத்தி, வெள்ளை டேப், டார்ச். அதற்கும் கீழே கடைசியாக ஒன்று:

'டார்ச் பிடிக்க ஒருவர். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்பவராக இருந்தால் நல்லது.'

பத்தாயிரம் பிரதி அச்சடித்திருக்கிறார்களாம். நான் போய்ப் புதுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்து, துண்டும் கையுமாக நின்றவரிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

"ஞாயித்துக்கிழமை உன் தம்பி எத்தனை மணிக்கு வர்றான்?" என்றார்.