செவரினின் இருபது நொடிகள்

உறிஞ்சுகுழாயில் இரண்டு மில்லிமீட்டர் துண்டு நறுக்கி, பல் அடைக்கும் பசையை அதில் திணித்து, மேலிருந்து, பசையை இறுக்கும் நீல விளக்கை இருபது நொடி காட்டுகிறாள் செவரின். பிறகு துண்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சுரண்டுகிறாள். பொடி உதிர்ந்தால் நல்லது. பசையாக இழுத்தால் வெளிச்சம் அடிவரை இறங்கவில்லை. கார்க்களாவில் டாக்டர் பாஸ்கர் பை நடத்தும் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளரான அவளுக்குப் பதினெட்டு வருஷமாகக் காலையில் முதல் வேலை இதுதான். "மேலே கல்லு மாதிரி இருக்கும், கீழே மாவா இருக்கும். கண்ணால பார்த்தா தெரியவே தெரியாது" என்பாள்.

இருபது நொடியானதும் விளக்கு தானே கூவி அணைந்துவிடும். செவரின் அதை நம்பமாட்டாள். முகக்கவசத்துக்குள் கொங்கணியில் "ஏக், தோன், தீன்" என்று தானும் எண்ணுவாள். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறியபின் இறங்கிவந்து நான்காவது முறையும் பார்ப்பாள். சுத்தம் என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். ஊரில் காய்ச்சல் பரவியதும் விளக்கின் நுனிக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை இரண்டாக்கினாள். டாக்டரிடம் கேட்கவில்லை. சுத்தமாக இருக்க யாராவது அனுமதி கேட்பார்களா?

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் தாமதம். அவசரத்தில், நோயாளிக்காக உறை மாட்டிய விளக்கையே சோதனைக்கு எடுத்துவிட்டாள். அடிப்பக்கம் சுரண்டிய கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உறைகளைக் கழற்றிவிட்டுக் காட்டினாள்; பொடி உதிர்ந்தது. மறுபடி மாட்டினாள், பசை. இரண்டு உறைகளின் மடிப்புகளும் விளக்கு நுனியின் கண்ணாடிக்குக் குறுக்கே கிடந்தன. தினமும் சோதித்தது வெறும் விளக்கை. வாய்க்குள் போனதோ முக்காடு போட்ட விளக்கு.

"டாக்டரே, தப்பு என்னுது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்தப் பத்து நாளில் அடைத்த ஆழமான குழிகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார் அவர். மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். யட்சகானக் கூத்தில் ராட்சச வேஷம் கட்டும் சீனப்ப பூஜாரி மட்டும் போனை எடுக்கவில்லை. மறுநாள் மேளத்தோடு, அதாவது கூத்துக் குழுவோடு, கிளம்பினால் ஆறு மாசம் ஊர் ஊராக ஆட்டம். அவனுக்குக் கடைவாய்ப் பல்லில், நரம்பை ஒட்டிய குழி. நடு மேடையில் கர்ஜிக்க வாயைத் திறக்கும்போது வலித்தால்?

செவரின் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்கே போனாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கூசுகிறதா என்று கேட்டாள்.

"நாலு நாளா கூசுது. ராட்சசனுக்குப் பல்லு கூசுதுன்னு வெளியே சொல்ல முடியுமாக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையோடு அழைத்துவந்துவிட்டாள்.

டாக்டர் அடைப்பைக் குடைந்தார். மேலே கல். அடியிலிருந்து கருவியின் முனையில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு வந்ததை அவர் துணியில் துடைத்தார். செவரின் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒற்றை உறை, மடிப்பு ஓரமாக. புதுப் பசையை டாக்டர் மெல்லிய அடுக்குகளாக வைக்க, ஒவ்வோர் அடுக்குக்கும் அவள் விளக்கைக் காட்டி இருபது எண்ணினாள்.

கடைசி அடுக்குக்கும் விளக்கு கூவி அணைந்தது. அவளும் இருபதுக்கு வந்திருந்தாள்.

"போதும்க்கா" என்றார் டாக்டர்.

செவரின் கையை எடுக்கவில்லை. பொத்தானை மறுபடி அழுத்தினாள். "ஏக்" என்றாள்.