விஷ்ணுகிராந்தி பூத்த பாறை

நெய்யாற்றின்கரை நர்சரியில் ஒரு தொட்டி நிறைய விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்துப் படர்ந்திருந்தது. கொல்லயில் என்ற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் கிடந்த பாறையின் இடுக்கெல்லாம், ஒரு பங்குனி மழைக்கே இதே பூ விரியும். அவித்த மரச்சீனிக் கிழங்கை அங்கே காயப்போடும் அம்மா, “பூவ மிதிச்சிராத மக்கா, சுத்திப் போடு” என்பாள், நாங்களும் சூட்டில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டே பூவுக்கு இடம்விட்டுப் பரப்புவோம். செடிகொடி முளைக்காத வெறும் கல் என்று குவாரி அனுமதிக் காகிதத்தில் எழுதித்தானே, பாவிகள், அந்தப் பாறையை வெடிவைத்து லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள்! எழுதினவனுக்குக் கண் இல்லையா? இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் குழிதான் உண்டு.

தொட்டியைக் கையில் எடுத்தேன்.

“இது கல்லிடுக்குலதான் நல்லா பிடிக்கும், சேச்சி” என்றார் நர்சரிக்காரர். “வீட்டுப் பக்கம் பாறை உண்டா?”