வேப்பிலையோடு பதுளைக்கு

காலை ஆறு மணிக்குப் பெரகல சந்தியில் வேன் கிளம்பியது. எழுபத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். என் தம்பி முருகேசுக்குப் பரிசம் போட, அவனையும் கூட்டிக்கொண்டு தட்டுகளோடு நமுனுகுலவுக்குப் போகிறோம். வேன், பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருக்கும் காசிம் நானாவுடையது; ஓட்டுவதும் அவரே. வாடகை நூற்றிருபது ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். மனிதர் சிரித்தாரே தவிர இறங்கவில்லை. ஹப்புத்தளையில் பனி, பண்டாரவளையில் வெயில், எல்ல தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இந்தப் பாதையின் அழகை எல்லாரும் சொல்வார்கள். வளைவுகளில் வயிறு படுகிற பாட்டை யாரும் சொல்வதில்லை.

பத்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், பெண் வீட்டு வாசலில் இறங்கினால் மேளமும் இல்லை, கோலமும் இல்லை. கதவில் வேப்பிலை கட்டியிருந்தது. பெண்ணின் தாய் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"உள்ள வராதீங்க மக. லெட்சுமிக்கு அம்மா போட்டிருக்கு. ஒரு வாரமா காய்ச்சல்."

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியார் போகக் கூடாது, மருந்தும் கொடுக்கக் கூடாது. எனக்கும் தெரிந்த முறைதான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தவள் நான். வாசலோடு திரும்ப மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, உள்ளங்கையிலும்கூட. பெற்ற தாயைப் பார்த்தே "யாரு?" என்று கேட்டாள் லெட்சுமி.

"பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் அத்தை."

"ஐயோ, அம்மா கோவிச்சுக்குவா!"

"கோவம் எம்மேல வரட்டும். வேப்பிலையில ஒரு கொத்தையும் எடுத்துக்கிட்டே போவோம்."

குளிரில் நடுங்கியவள்மேல் முருகேசு பரிசச் சேலையையே எடுத்துப் போர்த்தினான். "ஏத்துங்க, நான் பாத்து ஓட்டுறேன்" என்றார் நானா. தாயும் ஏறிக்கொண்டார். மலையிறங்கிப் பசறைக்கு வந்து, அங்கிருந்து பதுளைக்குப் பதினொரு மைல். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். இவளுக்கு ஏதாவது ஆனால் பழி என்மேல்தான் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வீட்டில மாடு நிக்குதோ?"

"ஒரு பசு இருக்குங்க. இவதான் புல்லறுத்துப் போடுவா" என்றார் தாய்.

"இது அம்மை இல்லையம்மா, உண்ணிக் காய்ச்சல். மாட்டில இருக்கிற உண்ணி ஆக்களையும் கடிக்கும். அதில இருக்கிற கிருமிதான் இந்தப் பாடு படுத்துது. மருந்து இருக்கு. பிந்தியிருந்தா கஷ்டம்."

மருந்து இருக்கிறதாம்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "அண்ணி, பசிக்குது" என்றாள். நான் வார்டே அதிரச் சிரித்து நர்ஸிடம் திட்டு வாங்கினேன். "அம்மாதான் ஒன்னைய அனுப்பிவச்சா" என்றார் தாய். இருக்கட்டும், அவளோடு பெருமையைப் பங்கு போட்டுக்கொள்வதில் எனக்கென்ன குறை!

அடுத்த வாரம் லெட்சுமி அதே பரிசச் சேலையைக் கட்டிக்கொண்டு, தன் காலால் நடந்து வேனில் ஏறினாள். லயத்து வளைவு வந்ததும் ஹார்னில் வைத்த கையை நானா எடுக்கவே இல்லை. மேளம் இல்லாத குறை தீர்ந்தது. சனமெல்லாம் ஓடி வந்தது. சேதி கேட்டு, மாட்டுக்கு உண்ணி பொறுக்கவும் ஆள் போயிற்று. தாய் தன் கையாலேயே கதவிலிருந்த வேப்பிலையை அவிழ்த்தார்.

"பரிசத்துக்கு இனி எப்ப வருவீங்க மக?"

"அதான் சேலைய அன்னைக்கே போத்தியாச்சே அத்தை! இனி தாலியோடதான் வருவேன்."